தானாக வெட்டும் கத்தரிக்கோல்

இணையத்தில் செய்தி வாசிப்பவரின் கண் முதலிற் போய் விழுவது தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு படத்திலேதான். பெருவிரல் நகத்தின் அளவு என்ற பொருளில் ஆங்கிலேயர் அதற்குத் 'தம்ப்நெயில்' என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் சிறுபடம் என்கிறோம். அந்த நகமளவுப் படத்தைத் தொட்டு, உள்ளே சென்று, முழுப்படத்தையும் பார்ப்பவர்கள் சிலர். தலைப்பை வாசித்துவிட்டுச் சிறுபடத்தைக் கண்ணால் ஒருமுறை தடவிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறவர்களே பலர். அந்தப் பலரைப் பொறுத்தவரை சிறுபடந்தான் படம். அதற்குள் இருப்பவர்கள்தான் அந்த நிகழ்வில் இருந்தவர்கள்.

இன்று அனேகமான செய்தித் தளங்களில் அந்தச் சிறுபடத்தை ஓர் ஆள் இருந்து செய்வதில்லை. நிருபர் ஒரு படத்தைத் தளத்தில் ஏற்றியவுடன், சேவையகத்தில் இருக்கும் மென்பொருள் அதை நாலைந்து அளவுகளில் தானாகவே படியெடுத்து வைத்துக்கொள்கிறது. முகப்புக்கு ஒன்று, பக்கப் பட்டியலுக்கு ஒன்று, கைத்தொலைபேசிக்கு ஒன்று, முகநூலில் பகிர்வோருக்கு ஒன்று. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். படங்களோடும் பத்திகளோடும் கால் நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டியவன் என்ற வகையில், நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் அதன் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிற். இரண்டு மெகாபைற் அளவுள்ள ஒரு படம் அந்தக் கம்பி வழியாக வந்து சேர ஐந்து நிமிடம் எடுக்கும். கம்பி நல்ல நிலையில் இருந்தால்தான் அதுவும். அதே படத்தை ஆறு கிலோபைற் அளவுள்ள சிறுபடமாக மாற்றிவிட்டால் ஒரு விநாடியில் வந்துவிடும். இருபது செய்திகள் உள்ள ஒரு முகப்புப் பக்கத்தில் இருபது பெரிய படங்களையும் அப்படியே போட்டிருந்தால், வாசகர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும். ரொறொன்ரோவில் இருந்தாலும் சரி, வவுனியாவில் இருந்தாலும் சரி, யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

ஆரம்பத்தில் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். பெரிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தின் நிரலில் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் சிறிதாகக் குறித்துவிட்டார்கள். திரையில் படம் சிறிதாகத் தெரியும். ஆனால் பெரிய கோப்பு முழுவதும் கம்பி வழியாக வந்தேயாக வேண்டும். பெரிய மூட்டையை வாசல்வரை சுமந்து வந்து, அதற்குள் இருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் கொடுப்பது போன்ற வேலை அது. ஆகவே சேவையகத்திலேயே உண்மையாகச் சிறிதாக்கிவிடுவது அவசியமாயிற்று. 1990இல் வெளியான 'இமேஜ்மெஜிக்' போன்ற மென்பொருட்கள் அதற்குக் கைகொடுத்தன. 2003இல் வேர்ட்பிரஸ் வந்தது. அதுவும் அதைப் போன்ற தள மேலாண்மை மென்பொருட்களும் வளர்ந்தபோது, நிரலெழுதத் தெரியாத ஒருவர்கூடப் படத்தை ஏற்றினால் மீதி எல்லாம் தானாக நடக்கும் நிலை ஏற்பட்டது. ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த சிறிய தமிழ்த் தளங்கள் குறைந்த செலவில் இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

சிறிதாக்குதல் என்பது உண்மையில் என்ன? 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண கைத்தொலைபேசி எடுக்கும் படம் அந்த அளவில் இருக்கும். அதன் நடுவில் உள்ள 3000க்கு 3000 சதுரத்தை எடுத்து 150க்கு 150 புள்ளிகளாகச் சிறுப்பித்தால், அகலத்தில் இருபதுக்கு ஒன்று, உயரத்தில் இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் 400 புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாகின்றன. நல்ல மென்பொருள் அந்த 400 புள்ளிகளின் நிறங்களையும் கலந்து சராசரி எடுக்கும். மோசமான மென்பொருள் 400இல் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்ற 399ஐயும் எறிந்துவிடும். கோடு போட்ட சாரமும் கட்டம் போட்ட சேலையும் சில சிறுபடங்களில் அலையலையாக நெளிந்து தெரிவது இதனால்தான். பெரிய படத்தில் 100 புள்ளி அகலம் கொண்ட ஒரு முகம் சிறுபடத்தில் ஐந்து புள்ளியாகிவிடும். ஐந்து புள்ளியில் யாரையும் அடையாளம் காண முடியாது.

இதுவரைக்கும் இது கணக்கு. கணக்கை இயந்திரம் செய்வதே சரி. மனிதர் செய்தால் பிழைக்கும். ஆனால் மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு சொல்லை நான் சத்தமில்லாமல் நுழைத்துவிட்டேன். 'நடுவில் உள்ள சதுரத்தை எடுத்து' என்றேன் அல்லவா? அது சிறிதாக்குதல் அன்று. அது வெட்டுதல். இவ்விரண்டு வேலைகளையும் மென்பொருள் ஒரே மூச்சில் செய்துவிடுவதால், பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிறிதாக்கினால் படத்தில் உள்ள எல்லோரும் சிறியவர்களாவார்கள். வெட்டினால் சிலர் இல்லாமற் போவார்கள்.

தாளில் அச்சடித்த காலத்திலும் படங்களை வெட்டாமல் இருந்ததில்லை. 1880 மார்ச் 4ஆம் திகதி நியூயோர்க்கின் 'டெய்லி கிராபிக்' நாளிதழ், ஒரு புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிட்டுக் காட்டியது. அன்றிலிருந்து உலகெங்கும் பத்திரிகைக் காரியாலயங்களில் படமும் பத்தியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. எனக்கு முந்திய தலைமுறையினர் நாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துச் செய்த 'புளொக்'குகளை லாச்சிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் அமைச்சரின் ஒற்றைப்பத்திப் புளொக் ஒருமுறை செய்யப்பட்டால், அவர் பதவியிழந்து மீண்டும் பதவிக்கு வரும்வரை அதே முகந்தான். நான் இத்துறைக்கு வந்த தொண்ணூறுகளில், படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பத்தி அளவை எழுதி, ஓரங்களில் வெட்டுக்குறி போட்டு அனுப்புவோம். மூன்று பத்தியில் வரவேண்டிய படம் விளம்பரம் வந்ததால் இரண்டு பத்தியாகும். பிறகு யாரை வெட்டுவது என்ற வழக்கு எழும். "அண்ணை, அந்தக் கையை வெட்டினால் படமே இல்லை" என்று படப்பிடிப்பாளர் வந்து நிற்பார். செய்தி ஆசிரியர் அவருக்குச் செவிசாய்த்த நாட்களும் உண்டு, சாய்க்காத நாட்களும் உண்டு.

வெட்டுவது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. சில படங்கள் வெட்டப்பட்டதனாலேயே பெரும் படங்களாயின. 1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவில் நடந்த அஞ்சலிக் கூட்டமொன்றில் அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம் எல்லோரும் அறிந்தது. மூலப்படத்தில் ஒரு பக்கத்தில் இன்னொரு மனிதரின் பக்கவாட்டு முகமும், மறுபக்கத்தில் ஒரு பனையினத்து மரத்தின் ஓலைகளும் இருக்கின்றன. அவற்றை நீக்கி முகத்தை மட்டும் எடுத்தபோதுதான், பிறகு சுவர்களிலும் சட்டைகளிலும் உலகம் சுற்றிய அந்தப் பார்வை தனித்துத் தெரிந்தது. ஆனால் அதை வெட்டியவருக்குத் தான் எதை வெட்டுகிறோம் என்று தெரியும்.

எங்கள் பத்திரிகைகளில் இன்னுமொரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. படத்தின் கீழே 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கி எல்லோருடைய பெயர்களையும் வரிசையாகப் போடுவோம். பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, சனசமூக நிலையத் திறப்பு விழா எதுவானாலும் சரி. இந்த வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலப் பத்திரிகை நண்பர்கள் சிரிப்பதுண்டு. எனினும் அந்த வரிக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. எட்டுப் பெயர் எழுதியிருந்தால் படத்தில் எட்டு முகம் இருக்க வேண்டும். ஒருவரை வெட்டினால் அவருடைய பெயரையும் எடுக்க வேண்டும். பெயரை எடுப்பதற்குக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் படம் காப்பாற்றப்பட்ட சந்தர்ப்பங்களைக் கண்டிருக்கிறேன்.

இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதற்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு சதுரம். அதை நிரப்புவதே அதன் வேலை. பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களின் கமெராக்கள் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்திலேயே படம் எடுக்கின்றன. அகலம் 1200 புள்ளியானால் உயரம் 800. அதன் நடுவில் சதுரம் வெட்டினால் இருபுறமும் 200 புள்ளிகள் போய்விடும். மொத்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு பேர் இடைவெளியின்றி ஒரே வரிசையில், படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நின்றார்களென்றால், இரு முனையிலும் இரண்டிரண்டு பேராக நால்வர் வெளியே போவார்கள். நெடுக்காக எடுத்த படமானால் மேலே ஆறில் ஒன்றும் கீழே ஆறில் ஒன்றும் போகும். நின்றுகொண்டிருப்பவருக்குத் தலை போகும். தேர்த்திருவிழாப் படத்தில் தேரின் முடி போகும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் யாரும் எதையும் மாற்றாமல் விட்டால் சிறுபடம் 150க்கு 150 சதுரம், நடுவிலிருந்து வெட்டப்படும். உலகத்தின் எண்ணற்ற தளங்களில் எண்ணற்ற படங்களின் ஓரங்களில் நின்றவர்கள் இந்த இரண்டு எண்களால் வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

இது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல என்று எனக்கு உறைத்தது சில ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், பின்னர் வேறு மாவட்டங்களிலும் ஆரம்பித்தார்கள். அந்தப் போராட்டங்களின் படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தாய்மார் வரிசையாக நிற்பார்கள் அல்லது நிலத்தில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரின் நெஞ்சுக்கு நேரேயும் ஒரு படம் இருக்கும். மகனோ மகளோ கணவனோ. ஊடகங்களுக்கு அந்த வரிசை ஒரு காட்சி. அந்தத் தாய்மாருக்கோ, தான் நிற்பதைவிடத் தன் கையில் இருக்கும் படம் வெளியே தெரிவதே முக்கியம். எங்கோ ஒரு தடுப்பிலோ, ஒரு நாட்டிலோ, ஒரு சிறையிலோ அதைப் பார்த்து 'இந்தப் பிள்ளையை நான் கண்டேன்' என்று யாராவது ஒருவர் சொல்லக்கூடும் என்ற நம்பிக்கையிலேயே அவர்கள் அதை உயர்த்திப் பிடிக்கிறார்கள்.

அப்படியான ஒரு போராட்டத்துக்கு அடுத்த வாரம் வன்னியில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பேத்தியின் கைத்தொலைபேசியை வாங்கி என்னிடம் நீட்டினார். "தம்பி, எல்லாற்றை பிள்ளையளின்ரை படமும் வந்திருக்கு. என்ரை பிள்ளையின்ரை படத்தை மட்டும் ஏன் வெட்டினவை?" என்று கேட்டார். அது எனக்கு அறிமுகமான ஒரு செய்தித் தளம். யாரோ பகிர்ந்த இணைப்பில் சிறுபடம் மட்டும் தெரிந்தது. உள்ளே சென்று முழுப்படத்தைத் திறந்து காட்டினேன். இடதுபக்க ஓரத்தில் அவரும் இருந்தார், அவருடைய மகனும் இருந்தார். அவர் சற்று ஆறுதலடைந்தாலும், "ஆனா சனம் உதைத்தானே மோனை பாக்கும்" என்றார். ஊடகவியலில் பட்டம் பெற்றவர்கள் பலர் விளங்கிக்கொள்ளாத ஒன்றை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பின்னர் அந்தத் தளத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த இளைஞரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். நல்ல பிள்ளை, மரியாதையாகவே பதில் சொன்னார். "அது தானா வெட்டுறது சேர். நாங்கள் ஒருத்தரும் கை வைக்கிறேல்லை."

அவர் சொன்னது உண்மை. ஒருவரும் கைவைக்கவில்லை. ஆனால் தானாக நடக்கும் ஒன்று என்று உலகில் எதுவும் இல்லை. சதுரம் வேண்டும் என்று பக்கத்தை வடிவமைத்தவர் தீர்மானித்தார். நடுவில் வெட்டு என்று மென்பொருளை எழுதியவர் தீர்மானித்தார். நடுவில் நிற்பவரே முக்கியமானவர் என்பது அந்தத் தீர்மானத்துக்குள் இருக்கும் அனுமானம். பரிசளிப்பு விழாவுக்கு அது பொருந்தலாம். நடுவில் பிரதம விருந்தினர் நிற்பார். எல்லோரும் ஒரே துயரத்தோடு ஒரே வரிசையில் நிற்கும் இடத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

'அப்படியானால் இயந்திரத்துக்குப் புத்தி சொல்லிக் கொடுத்துவிடலாமே, முகங்களைப் பார்த்து வெட்டச் சொல்லலாமே' என்று ஒருவர் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். டுவிட்டர் நிறுவனம் 2018 ஜனவரியில் தனது புதிய முறையை அறிவித்தது. மனிதக் கண் ஒரு படத்தில் எங்கே முதலில் போகிறது என்ற தரவுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்பு, படத்தின் கவர்ச்சியான பகுதியை ஊகித்து அதைச் சுற்றி வெட்டும். 2020 செப்டெம்பரில் பயனர்கள் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மிக நீண்ட ஒரு படத்தின் ஒரு முனையில் பராக் ஒபாமாவையும் மறுமுனையில் அமெரிக்க செனற்றர் மிச் மெக்கொனலையும் வைத்தார்கள். மேலே கீழே மாற்றி வைத்தும் பார்த்தார்கள். சிறுபடத்தில் வந்தவர் மெக்கொனல்தான்.

2021 மே மாதத்தில் அந்த நிறுவனமே தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டபோது வெள்ளையர் பக்கம் 4 சதவீதச் சாய்வும், ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டபோது பெண்கள் பக்கம் 8 சதவீதச் சாய்வும் காணப்பட்டன. அதே ஆண்டு ஓகஸ்டில், இந்த முறையின் குறைகளைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசு என்று ஒரு போட்டியையும் வைத்தார்கள். மெலிந்த, இளமையான, வெளிர்நிற முகங்களையே அது விரும்புகிறது என்று காட்டியவருக்கு முதற்பரிசு. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் படத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று இன்னொரு பரிசு பெற்றவர்கள் காட்டினார்கள். அரபு எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும் படத்தில் ஆங்கில எழுத்தின் பக்கமே அது சாய்கிறது என்று மற்றொருவர் காட்டினார். வெளிர்நிறமில்லாத, முதிய, ஆங்கிலமல்லாத எழுத்தில் எழுதிய பதாகை ஏந்திய ஒருவரின் நிலை என்னவாகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தாய்மாரின் வரிசையில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. முகங்களைத் தேடும் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு தாய்மாரிடம் இருபத்துநான்கு முகங்கள் தெரியும். உயிருள்ளவை பன்னிரண்டு, தாளில் உள்ளவை பன்னிரண்டு. எதைக் காட்ட வேண்டும் என்று அது எப்படி அறியும்?

கடைசியில் டுவிட்டர் வழக்கமான விகிதத்தில் உள்ள படங்களை வெட்டாமல் முழுமையாகவே காட்டத் தொடங்கியது. ஒரு படத்தை எப்படி வெட்டுவது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு என்பதே அந்த ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடம். அந்த நிறுவனம் 2023இல் பெயரே மாறிப்போய்விட்டது. ஆனால் அந்த முடிவு மாறத் தேவையில்லாதது.

மனிதர் வெட்டினால் நியாயமாக வெட்டுவார் என்று நான் சொல்லமாட்டேன். 2020 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் காலநிலைக்காகக் குரல்கொடுக்கும் ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து நின்ற படமொன்றை ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்டது. வெளிவந்த படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். கிரேற்றா துன்பேர்க் உட்பட நால்வரும் ஐரோப்பிய வெள்ளையர். ஓரத்தில் நின்ற உகண்டாவின் வனெசா நகாற்றே வெட்டப்பட்டிருந்தார். அவர் பின்னால் இருந்த கட்டடம் பார்வையைக் குழப்பியதால் வெட்டினோம் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். ஓர் ஆபிரிக்கப் பெண்ணைவிட ஒரு கட்டடம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே கேள்வி கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். நகாற்றே கேட்டார், உலகம் கேட்டது. அந்த நிறுவனம் முழுப்படத்தை வெளியிட்டது. அதன் தலைமை ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார்.

வன்னித் தாயின் கேள்விக்குக் கிடைத்த பதிலையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'தானாக வெட்டுகிறது' என்ற சொற்றொடரில் எழுவாய் இல்லை. எழுவாய் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு இடமிருக்கக்கூடாது. பத்திரிகையில் வந்த ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு என்பது சட்டத்திலும் மரபிலும் ஊறிய விடயம். படத்தின் விளிம்புக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

இன்னுமொரு விடயம் இதைவிடப் பாரதூரமானது. வெட்டியதைத் திரும்பப் பெற மூலப்படம் இருக்க வேண்டும். இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் இயங்கிய எங்கள் தளங்கள் பலவற்றில், சேவையகத்தில் இடம் காணாது என்று பெரிய படங்களை அழித்துவிட்டுச் சிறுபடங்களை மட்டும் வைத்திருந்தார்கள். தளங்களே பின்னர் மறைந்தன. இணையக் காப்பகங்களில் தேடினால், 100 புள்ளி அகலத்தில் ஒரு படம் கிடைக்கும். அதைத் தொட்டால் பெரிய படம் வராது. இடம்பெயர்ந்து போகும் சனக்கூட்டம் என்று தலைப்பு இருக்கும். படத்தில் மங்கலான நிறத் தீற்றல்கள் இருக்கும். 400 புள்ளிகளை ஒன்றாக்கிய பிறகு, அந்த ஒன்றிலிருந்து 400ஐயும் மீட்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. தாளில் அச்சான பழைய பத்திரிகையை ஒளிவருடி எடுத்தால்கூட அதைவிடக் கூடுதலாக முகங்கள் தெரியும்.

'இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது பெரிதாக்கித் தரும்' என்கிறார்கள். அது தருவது மீட்பல்ல, கற்பனை. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 16க்கு 16 புள்ளிகளே கொண்ட ஒரு முகத்திலிருந்து 1024க்கு 1024 புள்ளிகளில் தெளிவான முகத்தை உருவாக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிகத் தெளிவான முகம், ஆனால் வேறு ஆளின் முகம். முத்திரையளவு அடையாள அட்டைப் படமொன்றே மகனின் ஒரேயொரு ஞாபகமாக எஞ்சியிருக்கும் குடும்பங்கள் எங்கள் மண்ணில் உண்டு. அதைப் பெரிதாக்கித் தரும்படி அவர்கள் ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோகிறார்கள். இயந்திரம் வரைந்து கொடுக்கும் அழகிய முகம் அவர்களுடைய பிள்ளையின் முகமா என்று யார் உறுதி சொல்வது? நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் படத்தில் பிள்ளைக்குப் பதிலாக வேறு யாரோ இருந்துவிடக்கூடாது.

தளங்கள் நடத்தும் இளைய நண்பர்களுக்குச் சொல்ல விரும்புபவை இவை. சிறிதாக்கும் வேலையை இயந்திரத்திடம் விடுங்கள். அது உங்களைவிட நன்றாகச் செய்யும். வெட்டும் வேலையை விடாதீர்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் ஊடகம் என்ற பகுதிக்குள், சிறுபடத்தைச் சரியான அளவுக்கு வெட்டு என்ற வரியின் அருகே ஒரு சரிக்குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் விகிதம் மாறாமல் முழுப்படமும் சிறிதாகும். மேலும் கீழும் கொஞ்சம் வெற்றிடம் தெரியும். அதனால் பக்கத்தின் அழகு கெட்டுவிடாது. சதுரம்தான் வேண்டுமென்றால், வெட்டின் மையம் எது என்று படத்துக்குப் படம் குறிக்கும் வசதி பல மென்பொருட்களில் இருக்கிறது. படத்தை ஏற்றுபவர் அந்தப் புள்ளியை வைக்கட்டும். பத்து விநாடி வேலை அது. ஏற்றிய பிறகு முகப்பிலும் கைத்தொலைபேசியிலும் பகிர்விலும் அது எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். இன்று வன்தட்டு மலிவு. அதை வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள். மூலப்படம் இருந்தால் பழைய சிறுபடங்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் எந்தச் சரிக்குறியை மாற்றியும் பயனில்லை.

படத்தின் கீழே பெயர்களைப் போடும் எங்கள் பழைய வழக்கத்தையும் கைவிடாதீர்கள். இடமிருந்து வலமாக எழுதத் தொடங்கும்போதுதான் இடது ஓரத்தில் யார் நிற்கிறார் என்று நாங்கள் பார்க்கிறோம்.